ஒன்றே முக்கால் அணாவில் எழுதிய சுதந்திரம்



வருகிற ஜனவரி 26 காலையில் உங்கள் ஊராட்சி அலுவலகத்தில் கொடி ஏறும். மிட்டாய் கொடுப்பார்கள். பிறகு பள்ளி வளாகத்திலோ சமுதாயக் கூடத்திலோ கோயில் திடலிலோ கிராம சபை கூடும். வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள ஒவ்வொருவரும் அதன் உறுப்பினர். இந்தக் கூட்டத்தை இந்த நாளில் வைப்பதற்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது. அதைச் சொல்லி உங்களிடம் ஒன்று கேட்கவே இந்த மடல்.

குடியரசு நாள் ஏன் ஜனவரி 26 என்று கேட்டால், அரசமைப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்த நாள் என்று பள்ளிப் பிள்ளைகளே சொல்லிவிடுவார்கள். ஆனால் அந்தச் சட்டத்தை அரசமைப்பு நிர்ணய சபை ஏற்றுக்கொண்டது 1949 நவம்பர் 26. முழுமையாக நடைமுறைக்குக் கொண்டுவர மேலும் இரண்டு மாதம் பொறுத்திருந்தார்கள். 1930இல் இதே ஜனவரி 26 அன்று இந்த நாட்டு ஊர்களிலும் நகரங்களிலும் மக்கள் கூடி, தாங்கள் யாருக்கும் அடிமைகள் அல்லர் என்று சேர்ந்து உறுதியேற்றிருந்தார்கள். அந்த நாளுக்கு மரியாதை செய்யத்தான் அந்தக் காத்திருப்பு. இந்தியாவின் சுதந்திரப் பிரகடனம் என்று ஒன்று உண்டென்றால் அது அன்று வாசிக்கப்பட்ட வாசகம்தான். விடுதலை 1947இல் வந்தது. ஆனால் அதைப் பதினேழு ஆண்டுகளுக்கு முன்பே மக்கள் அறிவித்துவிட்டார்கள்.

அந்த அறிவிப்புக்கு வந்துசேர்ந்த பாதை நேரானதல்ல. முழு விடுதலையே குறிக்கோள் என்று 1921இல் அகமதாபாத் காங்கிரஸில் ஹஸ்ரத் மோகானி தீர்மானம் கொண்டுவந்தார். காந்தியே அதை எதிர்த்தார்; தீர்மானம் தோற்றது. 1927 டிசம்பரில் நம் சென்னையில் டாக்டர் அன்சாரி தலைமையில் கூடிய காங்கிரஸில் ஜவஹர்லால் நேரு அதே குறிக்கோளை முன்மொழிந்தார். இந்த முறை நிறைவேறியது. அவசரப்பட்டு எடுத்த முடிவு என்று காந்தி அப்போதும் குறைசொன்னார். அடுத்த ஆண்டு முழு விடுதலைக்காகவே ஒரு சங்கம் தொடங்கப்பட்டது. அதற்குத் தலைவராக இருந்தவர் சென்னையின் எஸ். சீனிவாச ஐயங்கார், செயலாளர்கள் நேருவும் சுபாஷ் சந்திர போஸும். 1928 இறுதியில் கல்கத்தாவில் மறுபடி மோதல். பிரிட்டிஷ் பேரரசுக்குள்ளேயே இருந்துகொண்டு தன்னாட்சி பெறும் டொமினியன் அந்தஸ்து போதும் என்றார்கள் மூத்தவர்கள். போதாது என்று போஸ் திருத்தம் கொண்டுவந்தார். 1350க்கு 973 என்ற வாக்குக் கணக்கில் திருத்தம் தோற்றது. ஆனாலும் ஆங்கிலேய அரசுக்கு ஓராண்டுக் கெடு வைத்தார்கள். கெடு முடிய ஒரு வாரமே இருந்தபோது, 1929 டிசம்பர் 23 அன்று, வைஸ்ராய் இர்வினுடன் காந்தியும் மோதிலால் நேருவும் ஜின்னாவும் மற்றவர்களும் பேசினார்கள். ஒன்றும் கிடைக்கவில்லை.

லாகூரில் ராவி ஆற்றங்கரையில் கூடிய காங்கிரஸ் மாநாட்டுக்கு ஜவஹர்லால் தலைவர். வயது 40. முந்தைய ஆண்டு அந்த நாற்காலியில் இருந்தவர் அவருடைய தந்தை. டிசம்பர் 31 நள்ளிரவில் பூரண சுயராஜ்யம் என்ற தீர்மானம் நிறைவேறியது. மூவர்ணக் கொடி ஏறியது. பாடநூல்கள் பெரும்பாலும் இந்த இடத்தோடு நின்றுவிடும். எனக்கோ இதற்கு அடுத்து நடந்ததே முக்கியமாகப் படுகிறது.

மாநாட்டுப் பந்தலுக்குள் பிரதிநிதிகள் கைதூக்கினால் நாடு விடுதலையை அறிவித்துவிட்டதாக ஆகுமா? ஆகாது என்று அவர்கள் நினைத்தார்கள். ஜனவரி 2 அன்று கூடிய காரியக் கமிட்டி, அந்த மாதம் 26ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை, நாடு முழுக்க மக்கள் கூடி ஒரு வாசகத்தைக் கேட்டு ஏற்கவேண்டும் என்று நாள் குறித்தது. வாசகத்தை உருவாக்கியவர் காந்தி. நேருவும் அதில் பங்கெடுத்தார். அந்தந்த மாகாணத்து மொழியில் வாசிக்க வேண்டும். கூட்டம் எப்படி நடக்க வேண்டும் என்றும் காந்தி எழுதினார். மேடைப் பேச்சு வேண்டாம். ஊர்களில் வழக்கப்படி பறையடித்து நேரத்தை அறிவிக்கலாம். நாளின் மிச்சத்தை நூற்பதிலும், தீண்டாமைக்கு ஆளானவர்களுக்குத் தொண்டு செய்வதிலும், இந்து முஸ்லிம் ஒற்றுமைக்கான வேலையிலும், மதுவிலக்குப் பணியிலும் கழிக்கலாம். பேச்சும் ஆரவாரமும் இல்லாமல் பெருங்கூட்டங்கள் அமைதியாக உறுதியேற்ற அந்த நாளைத் தன் சுயசரிதையில் நேரு வியந்து பதிவுசெய்திருக்கிறார். நாட்டின் மனநிலை என்னவென்று தலைவர்களுக்கே அன்றுதான் தெரிந்தது.

1776இல் பிலடெல்பியாவில் அமெரிக்கக் குடியேற்றங்களின் பேராளர்கள் தங்கள் பிரகடனத்தை ஏற்றார்கள். கையெழுத்திட்டவர்கள் 56 பேர். அது பிறகு ஊர் ஊராக வாசிக்கப்பட்டது. மக்கள் ஆரவாரத்தோடு கேட்டார்கள். இந்தியாவில் 1930இல் மக்கள் கேட்பவர்களாக மட்டும் இல்லை. வாசகம் ‘நாங்கள்’ என்ற நிலையிலிருந்தே பேசுகிறது. கூட்டத்தில் இருந்தவர்கள் அதை ஏற்றபோதுதான் அது பிரகடனம் ஆனது. எழுத்தறிவு மிகக் குறைவாக இருந்த ஒரு நாட்டில், படிக்கத் தெரியாதவர்களும் கூடிநின்று கேட்டு ஏற்ற சுதந்திரப் பிரகடனம் அது. உலக வரலாற்றில் இதற்கு ஈடான நிகழ்வுகள் அதிகம் இல்லை என்றே நினைக்கிறேன். நம் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லாமல் அணிவகுப்பை மட்டும் காட்டுகிறோமே என்ற வருத்தம் எனக்கு உண்டு.

இனி அந்த வாசகம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். தொடக்கத்தில் அமெரிக்கப் பிரகடனத்தின் தாக்கம் தெளிவாகத் தெரிகிறது. விடுதலை பெறுவதும், தங்கள் உழைப்பின் பலனைத் துய்ப்பதும், வாழ்க்கைக்குத் தேவையானவற்றைப் பெறுவதும் எந்த மக்களுக்கும் உள்ள உரிமை. அந்த உரிமையைப் பறிக்கும் அரசை மாற்றவோ ஒழிக்கவோ மக்களுக்கு உரிமை உண்டு. ஆனால் 1776இன் வாசகம் வாழ்வு, சுதந்திரம், மகிழ்ச்சியைத் தேடுதல் என்று பேசிய இடத்தில், 1930இன் வாசகம் உழைப்பையும் சோற்றையும் வைத்தது. அரைப்பட்டினியில் கிடந்த ஒரு நாட்டின் குரல் அது.

அடுத்து வருவது கணக்கு. ஆங்கிலேய ஆட்சி இந்தியாவைப் பொருளாதாரத்தில், அரசியலில், பண்பாட்டில், ஆன்மிகத்தில் என நான்கு வகையில் பாழாக்கியது என்று வாசகம் குற்றம் சாட்டுகிறது. அதில் முதல் இடம் பொருளாதாரத்துக்கு. இந்தியர் ஒருவரின் சராசரி வருமானம் நாளொன்றுக்கு ஏழு பைசா என்கிறது. அந்தக் காலத்துப் பைசா காலணா. ஏழு காலணா சேர்ந்தால் ஒன்றே முக்கால் அணா. ஒரு ரூபாய்க்கு 16 அணா. நாங்கள் கட்டும் வரியில் 20 விழுக்காடு உழவர்களிடமிருந்து நிலவரியாக வாங்கப்படுகிறது. 3 விழுக்காடு உப்பு வரி, அது ஏழைகள் மேல்தான் அதிகமாக விழுகிறது என்கிறது. கை நூற்பு போன்ற கிராமத் தொழில்கள் அழிக்கப்பட்டதால் உழவர்கள் ஆண்டில் நான்கு மாதமாவது வேலையில்லாமல் இருக்கிறார்கள் என்கிறது. சுங்கமும் நாணயமும் உழவர் தலையில் மேலும் சுமை ஏறும்படி வளைக்கப்பட்டன என்கிறது.

நாணயத்தைப் பற்றிய அந்த வரி கொஞ்சம் விளக்கம் கேட்கும். 1927இல் அரசு ஒரு ரூபாயின் மதிப்பை 18 பென்ஸ் என்று நிர்ணயித்தது. 16 பென்ஸாக வையுங்கள் என்று இந்தியத் தரப்பு கேட்டது. ரூபாயின் மதிப்பு கூடினால் வெளிநாட்டுச் சரக்கு இங்கே மலிவாகும். பருத்தியும் வேர்க்கடலையும் ஏற்றுமதிக்கு விளைவித்தவருக்குக் கையில் வரும் ரூபாய் குறையும். நிலவரி மட்டும் ரூபாயில் அப்படியே நிற்கும். லண்டனில் போடும் ஒரு கணக்கு கோவில்பட்டிக் கரிசல் காட்டுப் பருத்திக்காரரை எப்படித் தொடும் என்பதை அந்த ஒரு வரி பிடித்துவிட்டது. ஒரு சுதந்திரப் பிரகடனத்தில் நாணய மாற்று விகிதம் எதற்கு என்று கேட்கலாம். வரியும் விலையும் யார் கையில் இருக்கின்றனவோ அவர் கையில்தான் ஆட்சி இருக்கிறது என்று அந்த வாசகத்தை எழுதியவருக்குத் தெரியும்.

இதே மனம்தான் அடுத்த சில நாட்களில் 11 கோரிக்கைகளாக வெளிவந்தது. மதுவிலக்கு, ரூபாய் மதிப்பைக் குறைத்தல், நிலவரியைப் பாதியாக்குதல், உப்பு வரியை நீக்குதல், படைச் செலவைக் குறைத்தல் என்று காந்தி ஒரு பட்டியல் போட்டார். சுதந்திரம் கேட்கும் நேரத்தில் சீர்திருத்தப் பட்டியல் எதற்கு என்று நேருவுக்கே விளங்கவில்லை. அதை அவர் ஒளிக்காமல் எழுதியும் இருக்கிறார். என் மனம் இதில் காந்தியின் பக்கம்தான் நிற்கிறது. ஒன்றே முக்கால் அணாவில் ஒரு நாளை ஓட்டுபவருக்குச் சுதந்திரம் உப்பின் விலையிலும் கிஸ்தியிலும்தான் வந்து சேரும். மார்ச் 2 அன்று வைஸ்ராய்க்கு எழுதிய கடிதத்திலும் அவர் கணக்கே போட்டார். உங்கள் சம்பளம் மாதம் 21,000 ரூபாய், நாளுக்கு 700 ரூபாய்க்கு மேல். இந்தியரின் சராசரி வருமானம் நாளுக்கு இரண்டணாவுக்கும் குறைவு. ஆக நீங்கள் வாங்குவது அதைப்போல் ஐயாயிரம் மடங்குக்கும் மேல். ஆளுபவரின் சம்பளத்தை ஆளப்படுபவரின் கூலியோடு பக்கத்தில் வைத்துக் கேட்பது குடிமக்களின் வேலை என்று அந்தக் கடிதம் காட்டியது.

உறுதிமொழியின் முடிவில் செய்ய வேண்டியதும் சொல்லப்பட்டிருந்தது. வன்முறை வழியல்ல, ஆங்கிலேய அரசோடு நாமாகக் கொடுக்கும் ஒத்துழைப்பை முடிந்தவரை விலக்கிக்கொள்வோம், வரி கொடாமை உள்ளிட்ட சட்ட மறுப்புக்குத் தயாராவோம். இது வெறும் வார்த்தையாக நிற்கவில்லை என்பதற்கு வேதாரண்யம் சாட்சி. ஏப்ரல் 13 அன்று திருச்சியிலிருந்து ராஜாஜி தலைமையில் சுமார் நூறு தொண்டர்கள் உப்புச் சட்டத்தை மீற வேதாரண்யத்துக்கு நடந்தார்கள். அவர்களுக்குச் சோறோ இடமோ கொடுத்தால் சிறை என்று தஞ்சாவூர் ஆட்சியர் தார்ன் மிரட்டினார். அப்படியும் வழியோர ஊர்க்காரர்கள் சாப்பாட்டுப் பொட்டலங்களை மரக்கிளைகளில் கட்டித் தொங்கவிட்டார்கள் என்று அந்தப் பயணத்தைப் பற்றி எழுதியவர்கள் பதிவுசெய்திருக்கிறார்கள். 30ஆம் தேதி அகத்தியம்பள்ளியில் உப்பு அள்ளப்பட்டது. ராஜாஜி சிறைக்குப் போனார். வேதரத்தினம் பிள்ளை போனார். ருக்மணி லட்சுமிபதி போனார். இவர்கள் பெயரோடு நான் சேர்த்துச் சொல்ல விரும்பும் பெயர் வைரப்பன். வேதாரண்யத்தில் முடிதிருத்தும் தொழிலாளி. தன் முன்னே உட்கார்ந்திருப்பவர் போலீஸ்காரர் என்று தெரிந்ததும் பாதிச் சவரத்தில் கத்தியை நிறுத்தினார். மேற்கொண்டு செய்ய மறுத்துச் சிறை சென்றார். ஒத்துழைப்பை விலக்கிக்கொள்வது என்று பிரகடனம் சொன்னதை, தன் கையில் இருந்த தொழிலைக் கொண்டு செய்துகாட்டியவர் அவர். வேதாரண்யத்தில் அவருக்கு நினைவுத்தூண் இருக்கிறது. அந்தப் பக்கம் போனால் பிள்ளைகளைக் கூட்டிப்போய்க் காட்டுங்கள்.

இத்தனை புகழ்ந்த பிறகு அந்தப் பிரகடனத்தின் குறையையும் சொல்லியாக வேண்டும். அதன் நான்கு குற்றச்சாட்டுகளும் ஆங்கிலேயரை நோக்கியவை. இந்தியர் இந்தியருக்குச் செய்த கொடுமை பற்றி ஒரு வரியும் அதில் இல்லை. தீண்டாமை பற்றிய பேச்சு நாளைக் கழிக்கும் முறையில் வந்ததே தவிர, உறுதிமொழியின் உடலில் வரவில்லை. அமெரிக்கப் பிரகடனத்திலும் இதே காயம் உண்டு. எல்லா மனிதரும் சமம் என்று எழுதிய ஜெபர்சன் தாமே அடிமைகளை வைத்திருந்தவர். அடிமை வணிகத்தைக் கண்டித்து அவர் எழுதிய பகுதியையும் பேராளர் சபை நீக்கிவிட்டது. இங்கே காந்தி வைஸ்ராய்க்குக் கடிதம் எழுதிய அதே 1930 மார்ச் 2 அன்றுதான், நாசிக் காலாராம் கோயிலுக்குள் நுழையும் உரிமைக்காக அம்பேத்கர் தலைமையில் ஆயிரக்கணக்கானோர் சத்தியாகிரகம் தொடங்கினார்கள். ஒரே நாளில் இரண்டு விடுதலைக் கோரிக்கைகள் இந்த மண்ணில் எழுந்தன. பிரகடனத்தின் வாசகத்தில் ஒன்றுக்குத்தான் இடம் இருந்தது.

பறையடித்து அறிவிக்கலாம் என்றார் காந்தி. நம் ஊர்களில் பறையடிக்க யாரை ஏவினார்கள் என்று உங்களுக்குத் தெரியும். கூட்டத்துக்கு ஊரை அழைத்தவருக்கு அந்தக் கூட்டத்தில் உட்கார இடம் இருந்ததா என்ற கேள்வியை 1930 கேட்கவில்லை. நாம் கேட்டாக வேண்டும். அரசு அறிவிப்புகளுக்குத் தண்டோரா போடும் வழக்கத்தை நிறுத்தும்படி தமிழ்நாட்டில் உத்தரவு வந்தது 2022இல்தான்.

அதனால்தான் கிராமங்களைப் பற்றி அம்பேத்கர் கடுமையாகப் பேசினார். 1948 நவம்பர் 4 அன்று அரசமைப்பு வரைவை முன்வைத்து உரையாற்றியபோது, அறியாமையும் குறுகிய மனமும் வகுப்புவாதமும் குடியிருக்கும் இடமாகக் கிராமத்தைச் சித்திரித்தார். கிராமத்தை விட்டுத் தனிமனிதரை அலகாக வரைவு எடுத்துக்கொண்டதில் மகிழ்ச்சி என்றார். பல உறுப்பினர்கள் கோபப்பட்டார்கள். அதே மாதத்தில், தஞ்சைப் பகுதியைச் சேர்ந்த கே. சந்தானம் கிராமப் பஞ்சாயத்துகளை அமைப்பது அரசின் கடமை என்ற திருத்தத்தைக் கொண்டுவந்தார். அம்பேத்கர் அதை ஏற்றார். இன்று அது 40ஆவது பிரிவு. பிறகு 45 ஆண்டு கழித்து, 1993 ஏப்ரல் 24 அன்று நடைமுறைக்கு வந்த 73ஆவது திருத்தம் கிராம சபைக்கு அரசமைப்பில் இடம் கொடுத்தது. மறுஆண்டு தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் வந்தது. பட்டியல் சமூகத்தவருக்கும் பெண்களுக்கும் தலைவர் பதவியில் ஒதுக்கீடு வந்தது.

ஆனால் சட்டம் வந்ததும் ஊர் மாறிவிடவில்லை. பட்டியல் சமூகத்தைச் சேர்ந்த மேலவளவு ஊராட்சித் தலைவர் முருகேசன் 1997 ஜூன் 30 அன்று, பதவியில் இருந்த குற்றத்துக்காக, உடன் வந்தவர்களோடு வெட்டிக் கொல்லப்பட்டார். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், கொட்டக்கச்சியேந்தல் ஊராட்சிகளில் பத்தாண்டு காலம் பட்டியல் சமூகத் தலைவர் ஒருவர் நிலைக்க முடியாமல், 2006இல்தான் நிலைமை மாறியது. பட்டியல் சமூகத்தைச் சேர்ந்த தலைவர்கள் தங்கள் ஊராட்சியிலேயே கொடியேற்ற விடாமல் தடுக்கப்பட்ட செய்திகள் அதற்குப் பிறகும் வந்தன. ஜனவரி 26 அன்று கொடிக்கயிறு யார் கையில் இருக்கிறது என்பதை வைத்தே ஓர் ஊர் பிரகடனத்தின் எந்தப் பக்கம் நிற்கிறது என்று சொல்லிவிடலாம்.

இவ்வளவும் உங்களுக்கு எழுதக் காரணம் இருக்கிறது. அந்தப் பிரகடனத்தை வாசித்து ஏற்ற கூட்டங்களுக்கு இன்று சட்டப்படியான வாரிசு என்று யாராவது இருந்தால், அது நாடாளுமன்றமோ சட்டமன்றமோ அல்ல, நீங்கள்தான். அங்கெல்லாம் நம் பேராளர்கள் உட்கார்கிறார்கள். கிராம சபையில் மட்டும்தான் குடிமக்கள் நேராக உட்கார்கிறார்கள். அதே தேதி, அதே போன்ற திடல், கைதூக்கி ஏற்கும் அதே முறை. 1930இல் கூடியவர்களிடம் இல்லாத ஒன்றும் உங்களிடம் இருக்கிறது. அவர்கள் வைஸ்ராயின் கணக்கை வெளியே நின்று விமர்சிக்கத்தான் முடிந்தது. உங்கள் ஊராட்சியின் வரவு செலவை உங்கள் முன் வாசித்தாக வேண்டும். பயனாளிகள் பட்டியல் உங்கள் ஒப்புதலுக்கு வந்தாக வேண்டும். தணிக்கை அறிக்கையைக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

அந்த உரிமை பல ஊர்களில் எப்படிக் கரைகிறது என்பதும் தெரிந்ததே. அச்சடித்து வந்த மன்றப் பொருளை வேகமாக வாசிப்பார்கள். கூட்டத்துக்குத் தேவையான குறைவெண் வரம்பு எட்டாவிட்டால் தீர்மானப் புத்தகம் தெருத்தெருவாகக் கையெழுத்துக்குப் போகும். ஊரக வேலைத் திட்டத்துக்கு வரும் பெண்களை உட்காரவைத்து எண்ணிக்கை காட்டுவார்கள். அவர்கள் பேச எழுந்தால் நேரமாகிவிட்டது என்பார்கள். சிறைக்குப் போக நேரலாம் என்று தெரிந்தும் மக்கள் கூடிய நாளில் இப்படி நடக்கும்போது எனக்கு மனம் கொதிக்கிறது. உங்களில் பலருக்கும் அப்படியே இருக்கும் என்று நம்புகிறேன்.

என் கோரிக்கை இதுதான். இந்த முறை கொடியேற்றியபின், முதல் மன்றப் பொருளுக்கு முன்னால், 1930 உறுதிமொழியின் முதல் பத்தியையும் பொருளாதாரம் பற்றிய பத்தியையும் தமிழில் வாசிக்கச் சொல்லுங்கள். மொத்தம் நான்கு நிமிடம்கூட ஆகாது. பள்ளி ஆசிரியர் ஒருவரிடம் சொன்னால் மொழிபெயர்த்துத் தருவார். வாசிப்பவர், முன்பு கூட்டத்துக்கு வெளியே நிறுத்தப்பட்ட தெருவிலிருந்து வந்த ஒரு மாணவியாக இருக்கட்டும். அவர் ஏழு பைசா என்று வாசித்து முடித்த அதே மூச்சில் ஊராட்சிச் செயலர் உங்கள் ஊர்க் கணக்கை வாசிக்கட்டும். குடிநீர்க் குழாய்க்கு எவ்வளவு, தெருவிளக்குக்கு எவ்வளவு, எந்தத் தெருவுக்குச் சாலை போட்டார்கள், எந்தத் தெருவுக்குப் போடவில்லை என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். பதில் இல்லாத கேள்வியை, பதில் இல்லை என்றே தீர்மானப் புத்தகத்தில் எழுதவையுங்கள். வெற்றுத்தாளில் கையெழுத்துக் கேட்டால் போடாதீர்கள். கூட்டம் முடிந்ததும் தீர்மானங்களின் நகலைக் கேட்டு வாங்குங்கள்; அடுத்த கிராம சபைக்கு வரும்போது அந்த நகலைக் கையோடு கொண்டுவாருங்கள்.

அன்புடன்,
உங்களைப் போல் ஒரு கிராம சபை உறுப்பினர்